சர்க்கரை கம்மி

எண்பதுகளில் அடி அண்ணாமலை கிராமத்து வெள்ளையம்மாள் டீக்கடையில் டீயைக் குறை சொன்னவன் தப்பியதில்லை. தூள் மட்டம் என்றால் அவன் வம்சத்தையே இழுப்பாள். “சக்கரை கம்மி” என்றால் மட்டும் பேசாமல் இன்னொரு கரண்டி போடுவாள். அதற்குக் காரணம் அவள் புருஷன் ஆதிமூலம்.

எழுபத்தெட்டாம் வருஷம் அவருக்கு வயிற்றில் புற்று. மெட்ராஸ் டாக்டர்கள் பார்த்துவிட்டு, இனிமேல் ஒன்றும் செய்வதற்கில்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஐப்பசியில் வலி அவரைச் சுருட்டிப் போட்டது.

“நாய்க்குக்கூட ஊசி போட்டு அனுப்பிடறாங்க. எனக்கும் போடச் சொல்லு வெள்ளை. என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணு.”

வெள்ளையம்மாள் சத்தியம் செய்துவிட்டு, டவுனில் இருந்த டாக்டர் கோதண்டராமனிடம் போய் நேராகவே கேட்டாள்.

“அது கொலைம்மா. சட்டம் ரெண்டு பேரையும் உள்ள தள்ளிடும்.”

“அந்தச் சட்டத்தை ஒரு நாள் அவர் கட்டில்ல வந்து படுக்கச் சொல்லுங்க. அப்புறம் பேசலாம்.”

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. “நீ கேக்கறதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. ஆனா உயிரை எடுக்க என் கை வராது. வலியை எடுக்கிறேன். ஆபரேஷன், டியூபுன்னு இழுத்தடிக்கவும் மாட்டேன். போற வரைக்கும் நோவாம இருக்கட்டும்.”

சொன்னபடியே தினமும் ஸ்கூட்டரில் வந்து வலிக்கு ஊசி போட்டார். ஆதிமூலம் தூங்கினார், கஞ்சி குடித்தார். ஆனால் வெள்ளையம்மாளுக்குத்தான் தூக்கம் போனது. தலையிலடித்த சத்தியம் சும்மா விடுமா? அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் கேட்டுவிடுவாரோ என்று பயந்தாள்.

கார்த்திகை தீபத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, அரைத்தூக்கத்தில் அவர் சொன்னார்: “நாள் நெருங்கிடுச்சி வெள்ளை. பாலை ஊத்தச் சொல்லிடு.”

அவ்வளவுதான், அவள் உடைந்துபோனாள். கீழ்பென்னாத்தூருக்கு ஆள் போனது. ஆதிமூலத்தின் அக்கா காசியம்மாள் அடுத்த பஸ்ஸிலேயே வந்து இறங்கினாள்.

“அவனே கேட்டுட்டான். இனிமே புடிச்சி வைக்கறது பாவம். ஊத்தும்மா.”

உறவு கட்டிலைச் சுற்றி நின்றது. வெள்ளையம்மாள் ஒரு கரண்டிப் பாலை அவர் வாயில் ஊற்றினாள். அவர் விழுங்கினார். நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டே கண்ணைத் திறந்தார்.

“இன்னாடி இது, சக்கரை கம்மி?”

கட்டிலைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார்.

“எதுக்கு இம்மாம் கூட்டம்?”

“நீங்கதானே பாலை ஊத்தச் சொன்னீங்க!”

“அடிப்பாவி! தீபத்துக்கு ஜனம் வருமே, ராஜமாணிக்கத்தை ரெண்டு கேன் ஜாஸ்தியா ஊத்தச் சொல்லுன்னா, எனக்கே ஊத்திட்டியா?”

பால்காரன் ராஜமாணிக்கமும் அந்தக் கூட்டத்தில்தான் அழுதுகொண்டு நின்றான். தொண்டை வரை வந்த ஒப்பாரியோடு காசியம்மாள்தான் முதலில் சிரித்தாள். பிறகு வீடே சிரித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆதிமூலமும் சிரித்தார்.

எல்லோரும் போன பிறகு வெள்ளையம்மாள் கேட்டாள்: “அப்போ அந்தச் சத்தியம்?”

“அன்னிக்குப் பேசினது நோவு. மறுபடியும் அப்படி வந்தா மறுபடியும் கேப்பேன், பொய் சொல்ல மாட்டேன். இப்போ டீ குடு.”

தீபத்தன்று கடை வாசலில் கட்டிலைப் போட்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, வந்தவனிடமெல்லாம் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி டீ விற்றார். இரண்டு கேன் பாலும் போதவில்லை. வெள்ளையம்மாளுக்கு அவ்வளவு சந்தோஷமான தீபம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

மார்கழியில் ஒரு காலை மூச்சு இறங்கத் தொடங்கியது. வலி இல்லை. அவர் எதையும் கேட்கவும் இல்லை. காசியம்மாள் பால் கிண்ணத்தை நீட்டினாள்.

“இருங்க அண்ணி” என்று வெள்ளையம்மாள் அடுப்படிக்குப் போனாள். இரண்டு கரண்டி சர்க்கரை போட்டு, நன்றாக ஆற்றி, ஒரு சொட்டு தன் நாக்கில் விட்டுப் பார்த்துவிட்டு வந்து ஊற்றினாள்.

இந்தத் தடவை அவர் குறை ஒன்றும் சொல்லவில்லை.