பிரியாணி வண்டியும் என் வீட்டு லெவல் கிராசிங்கும்

போன ஞாயிற்றுக்கிழமை ஆம்பூரில் ஒரு ரயிலுக்காக ஒரு பிரியாணி வண்டி நின்றது. ரயில் என்னுடையது. நீளம்? என் கை நீளம்தான்.

ஐம்பதைத் தொடும்போது உங்களுக்கெல்லாம் சர்க்கரை வரும், முட்டி வலி வரும். எனக்கு ரயில் வந்தது. தோட்டத்தைச் சுற்றி ஓடுகிற பொம்மை ரயில். ஒரே சிக்கல் – தோட்டத்தை நடுவில் பிளந்துகொண்டு கார் போகிற பாதை. அதுவும் எனக்கு மட்டுமா சொந்தம்? பின்வீட்டு அன்வர் பாய்க்கும் அதுதான் வழி.

தண்டவாளத்தின் மேல் கார் ஏறினால்? பாதையின் சிமென்டில் பள்ளம் வெட்டித் தண்டவாளத்தைப் பதித்தேன். ஷூ கம்பெனியில் சூப்பர்வைசரான பாய், இரண்டு பக்கமும் நிரப்ப சோல் ரப்பர் துண்டுகள் கொடுத்தார். “உங்களயே தாங்குற சோல் சார்... கார தாங்காதா?”

என் மனைவி கல்பனா மட்டும் சிரிக்கவில்லை. “மொத வண்டி போவட்டும். எதாவது நசுங்குச்சு, அன்னிக்கே ரயிலு பரணுக்குப் போய்டும்.”

முதலில் என் சின்னக் காரை மெதுவாக ஏற்றிப் பார்க்கலாம் என்றிருந்தேன். வந்தது எது தெரியுமா? பாய் மகள் நிச்சயதார்த்தத்துக்கு அண்டா அண்டாவாகப் பிரியாணி ஏற்றிவந்த லோடு வண்டி!

ரயில் வேறு ஓடிக்கொண்டிருந்தது. நான் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். கையில் சிவப்பு பக்கெட். ஆபத்துக்குச் சிவப்புதானே? அதையே தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டு ஓடினேன். மிச்சத் தண்ணீர் மொத்தமும் என் தலையில்.

டிரைவர் பிரேக் போட்டார். “இன்னா சார், கொழாய்ல தண்ணி வரலியா?”

“நிறுத்துப்பா! ரயில் வருது!”

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். “ஸ்டேஷன் அந்தாண்ட இருக்குது சார்...”

வந்தது ரயில். சரியாகப் பாதை நடுவில் – நின்றுவிட்டது! ஓடிய வேகத்தில் கரன்ட் வயரைக் காலால் பிடுங்கியிருக்கிறேன். என் ரயிலுக்கு நானே விபத்து.

பின்னாலிருந்து பாய் புதுச் சட்டையோடு ஓடிவந்தார். “சார், சம்பந்தி வீட்டுக்காரங்க பந்தில ஒக்காந்துட்டாங்க! பிரியாணி ஆறிடும் சார்!”

பக்கெட்டை அப்படியே பாதையில் போட்டுவிட்டு வயரைத் தேடி ஓடினேன். அதற்குள் டிரைவர் இறங்கினார். ரயிலைப் பூனைக்குட்டி மாதிரி தூக்கிச் செடியோரம் வைத்தார். ஏறினார். கிளம்பிவிட்டார்!

கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

படார்!

போச்சு... எல்லாம் போச்சு. ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தேன். தண்டவாளம் பளபளவென்று கிடந்தது. வளைவில்லை, நெளிவில்லை. நசுங்கியது – பக்கெட்!

எதைக் காப்பாற்ற அலறுகிறோமோ, அது பாட்டுக்குப் பத்திரமாகத்தான் இருக்கிறது. போட்டுவிட்டு ஓடுகிறோமே, அதுதான் சக்கரத்தில் மாட்டுகிறது.

வாசலில் கல்பனா. “நான் இன்னா சொன்னேன்? எதாவது நசுங்குச்சுன்னா...”

ரயிலைப் பரணில் ஏற்ற ஏணி எடுக்கும் வரை வந்துவிட்டது விஷயம். அப்போதுதான் பாய் திரும்பி வந்தார், கையில் புத்தம்புது எவர்சில்வர் பக்கெட்டோடு. எங்கள் ஊரில் பிரியாணியைப் பக்கெட் கணக்கில்தானே கொடுப்போம்! மூடியைத் திறந்தால் ஆவி பறக்கிறது. “ஒடஞ்ச பக்கெட்டுக்குப் பதிலு அக்கா. பக்கெட்டையும் வெச்சிக்கோங்க.”

தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டது.

சாப்பிட்டுக் கை கழுவிய கல்பனா நேராகப் பின்பக்கம் போனாள். விரிசல் விட்ட பழைய நீலப் பக்கெட்டைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

“அடுத்த விசேஷத்துக்கு வண்டி வந்தா, இத எடுத்துக்கினு ஓடுங்க.”