பதினேழாவது ஸ்லைடு

அறுபது பேரைக் குளிரூட்டிய மண்டபத்தில் உட்கார வைத்து, பத்து மணிக்கு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் வரும்வரை நேர்மையைப் பற்றிப் பேசுவதுதான் எங்கள் தொழில். ஜொகூர் பாருவில் ஒரு பல்கலைக்கழகத்தின் முதுகலை அலுவலகத்தில் நான் ஒப்பந்த உதவியாளர். புதிய ஆய்வு மாணவர்கள் சேர்ந்ததும் அறிமுக நாள் நடக்கும். அதன்பின் மூன்று வாரம், வாரம் ஒரு நாள், ஆய்வு நெறிமுறைப் பயிற்சி. மேடையில் பேசுவது நாங்கள் டாக்டர் என்று அழைக்கும் பேராசிரியர். மடிக்கணினியில் ஸ்லைடுகளைத் தள்ளுவது, வருகையைப் பதிவது, சான்றிதழ் அச்சிடுவது நான். கூட்டத்தில் வாய் திறக்க வேண்டியதில்லை என்பதற்காகவே விரும்பிச் சேர்ந்த வேலை. இப்படி ஒரு பயிற்சியில் உட்கார்ந்து கொட்டாவி விட்டவர்களுக்கு நான் சொல்லப்போவது புரியும்.

பாலத்திலிருந்து ஆஜர்

வருகைக்காகத் திரையில் ஒரு கியூ.ஆர். கட்டத்தைக் காட்டுவோம். கைப்பேசியை நீட்டினால் பெயர் ஏறிவிடும். முதல் வாரம் என் கணினியில் அறுபது பெயர்கள் ஏறின. மண்டபத்தில் ஐம்பத்திரண்டு தலைகள்தான். இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன், தலைகள் கூடவில்லை.

மூன்றாவது வரிசையில் இருந்த தினேஷ் என்ற மாணவர் கட்டத்தைப் படமெடுத்து நண்பர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். அதில் ஒருவர் அந்த நேரம் சிங்கப்பூரிலிருந்து திரும்பும் பேருந்தில், ஜொகூர் பாலத்தின் நடுவில் இருந்தார். மேடையில் டாக்டர் பேசிக்கொண்டிருந்த தலைப்பு, ‘பொய்யான தரவு’. எனக்குக் காது சூடாகிவிட்டது. தினேஷிடம் போய், இது சரியா என்று எனக்கே கேட்காத குரலில் கேட்டேன். அவருக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை.

“பாலத்துல ஜாம் லா அக்கா, அவன் என்ன செய்வான்? ஒடம்புதான் அங்க, மனசு இங்கதான் இருக்கு!”

தலைவர் போட்டால் போதும்

முதல் வாரத்து வீட்டுப்பாடம் எளிதானது. பத்துப் பேரைச் சந்தித்து, ஆய்வு எதற்கு என்று விளக்கி, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கி வர வேண்டும். குளுவாங்கிலிருந்து வரும் கஸ்தூரி முதல் ஆளாகக் கொண்டுவந்து கொடுத்தார். பத்துப் பெண்களின் பெயர்கள், பத்துப் படிவங்கள். பத்திலும் ஒரே கையெழுத்து, கடைசியில் ஒரே மாதிரி சுழி.

“தோட்டத்துக் கோயில் தலைவர் போட்டாரு அக்கா. அவரு சொன்னா எல்லாரும் சொன்ன மாதிரிதான். திருவிழாவுக்கு லைசென்ஸ் எடுக்கும்போதும் அவருதான் எல்லாருக்கும் சேர்த்துப் போடுவாரு” என்றார் கஸ்தூரி. அந்தப் பெண்களுக்கு இது தெரியுமா என்று கேட்டேன். தலைவர் சொல்லியிருப்பார் என்றார். படிவங்களை டாக்டரிடம் கொண்டுபோனேன். மேடையில் நேர்மை பேசுகிற மனிதர், திருப்பி அனுப்புவார் என்று நம்பினேன். அவர் பத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டு, ஏற்றுக்கொண்டதாகக் குறி போட்டார்.

“நம்ம ஆளுங்கதானேம்மா, யாரும் வந்து கேக்கப் போறதில்ல.”

கையை மட்டும்தான்

மூன்றாவது வாரம், பயிற்சிக்கு முன் ஸ்லைடுகளை ஓட்டிப் பார்த்தேன். பதினேழாவது ஸ்லைடின் தலைப்பு, ‘ஒப்புதல் பெறுவது எப்படி?’ கீழே, தலையில் துண்டு கட்டிய ஒரு பெண் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றார். களைக்கொல்லி பட்டு வெடித்த கைகள். முகமும் பளிச்சென்று தெரிந்தது. அடியில் ஒரு வரி: ‘படிப்பறிவில்லாத தோட்டத் தொழிலாளி, சாஆ.’

அது செல்வி அத்தை, என் அப்பாவின் தங்கை. ஜொகூரிலேயே சாஆ என்ற சிற்றூரில், செம்பனைத் தோட்டத்தில் மருந்து அடிக்கிறார். தமிழ்ப் பத்திரிகையைத் தலைப்புச் செய்தியிலிருந்து மரண அறிவிப்புவரை தினமும் படிப்பவர். எழுத்துப்பிழை கண்டால் ஆசிரியருக்குக் கடிதம் போடுபவர். அவரைத்தான் படிப்பறிவில்லாதவர் என்று எழுதி வைத்திருந்தார்கள். பயிற்சி முடிந்ததும் ஸ்லைடுகள் எல்லா மாணவர்களுக்கும் மின்னஞ்சலில் போகும். பட்டியலில் சாஆக்காரர்களே மூன்று பேர். வெளியே ஓடிப்போய் அத்தைக்குப் போன் செய்தேன். போன வருடம் டாக்டரின் மாணவி ஒருத்தி வந்து படம் எடுத்தாளாம்.

“கைய மட்டும்தான் எடுக்குறோம்னு சொன்னுச்சு அந்தப் பொண்ணு. மூஞ்சி தெரியுதா? கை இப்படி இருக்குன்னு வேலை வாங்குற மண்டோருக்குத் தெரிஞ்சா நாளைக்கே வேலைய விட்டு நிறுத்திடுவாரு. நீ அங்கதானடி இருக்க, ஒரு வார்த்த சொல்லமாட்டியா?”

ஒரு வார்த்தை

டாக்டரிடம் தனியாகச் சொல்லப் போனேன். அவர் போனில் பேசிக்கொண்டே மேடை ஏறிவிட்டார். பதினாறாவது ஸ்லைடு முடிந்ததும் பொத்தானை இரண்டு முறை அழுத்தினேன். திரையில் பதினெட்டு வந்தது.

“ஒண்ணு விட்டுப்போச்சேம்மா, பின்னால போங்க” என்றார் டாக்டர். நான் அசையவில்லை. “பின்னால போங்கம்மா.” அறுபது முகங்கள் திரும்பின. அன்று உண்மையிலேயே அறுபது பேரும் வந்திருந்தார்கள், என் நேரம். “முடியாது சார். அது எங்க அத்தை. அவங்களுக்கு நல்லாப் படிக்கத் தெரியும். முகத்தக் காட்ட அவங்க ஒத்துக்கல” என்றேன். தினேஷ் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். கஸ்தூரி என்னைப் பார்க்கவேயில்லை. டாக்டர் தொண்டையைச் செருமிவிட்டு, ஒன்பதரைக்கே இடைவேளை விட்டார். பொட்டலம்கூட வந்திருக்கவில்லை. மின்னஞ்சலும் அன்று போகவில்லை. அனுப்ப வேண்டியவள் நான்தானே. வாசலில் நின்ற என் பக்கத்து மேசை மலாய் அக்கா கக் ரோஸ், என் தோளைத் தட்டி மலாயில் சொன்னார்:

“அலமாக்! ரெண்டு வருஷமா பக்கத்துல உக்காந்தும் உன் குரல் எனக்குக் கேட்டதில்ல, இன்னைக்கு மைக் இல்லாமலே வாசல்வரைக்கும் கேட்டுச்சு.”

மூன்று பக்கம்

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். படத்தை நிரந்தரமாக நீக்க ஒரு விண்ணப்பம் உண்டாம். மூன்று பக்கம். படத்தில் இருப்பவரே கையெழுத்துப் போட வேண்டும், ஐ.சி. அடையாள அட்டை நகல் வேண்டும், சாட்சி ஒருவர் வேண்டும். அப்படியானால் படத்தைப் போட அத்தை கொடுத்த ஒப்புதல் எங்கே என்று கேட்டேன். கோப்பைத் தேடுகிறார்களாம். இன்றுவரை தேடுகிறார்கள்.

சனிக்கிழமை பேருந்து ஏறிச் சாஆவுக்குப் போனேன். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மலாயில் இருந்த மூன்று பக்கத்தையும் ஒரு வரி விடாமல் படித்தார். முகவரியில் நான் செய்திருந்த தவறைத் திருத்தினார். வெடித்த விரல்களால் பேனாவை அழுத்திப் பிடிக்க முடியாமல், நிறுத்தி நிறுத்திக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிய பிறகுதான் பேசினார்.

“படம் புடிக்க ஒரு கையெழுத்தும் கேக்கல, அதத் தூக்க மூணு பக்கமா? நல்ல நெறிமுறைடி ஒங்களுது!”

அத்தையின் படம் போய்விட்டது, இப்போது பதினேழாவது ஸ்லைடில் தலையில் துண்டு கட்டிய வேறொரு பெண் நிற்கிறார், அவருடைய அண்ணன் மகள் எந்த அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள் என்றுதான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.