பச்சிலைதானே என்று குடித்த பொடி

சிதறால் பக்கத்து முந்திரி ஆலையில் பருப்புத் தோல் உரிப்பது ஓமனாவின் வேலை. நாள் முழுக்கக் காலை மடக்கி உட்கார்ந்ததில், கால் முட்டு இரண்டும் வீங்கிக் கிடந்தன. பக்கத்து இருக்கைக்காரி அன்னக்கிளி ஒரு பொட்டலம் கொடுத்தாள். வேனில் வந்து விற்கிறவனிடம் வாங்கிய மூட்டுவலிப் பொடி. பொட்டலத்தில் பேரும் இல்லை, ஊரும் இல்லை. ஒரே வாரத்தில் வலி போன இடம் தெரியவில்லை. ஓமனா விடாமல் குடித்தாள்.

ஓணம் கழிந்ததும் உடம்பெல்லாம் அரிப்பு. சோற்றைக் கண்டால் குமட்டல். கண் மஞ்சளித்தது. கீழாநெல்லி அரைத்து மோரில் குடித்தும் கேட்கவில்லை. மகள் ஆதிரா அவளை நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

"வேற மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களாம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒண்ணும் இல்ல டாக்டரம்மா."

"பொடி, லேகியம், கஷாயம்?"

"முட்டு வலிக்கு ஒரு பொடி உண்டு. அது பச்சிலைதானே, மருந்தில்லியே!"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "பச்சிலையும் கல்லீரல் வழியாத்தான் போகணும்மா. எனக்கு அந்தப் பொடி மேலதான் சந்தேகம். இன்னைக்கே நிறுத்துங்க. இப்பவே வந்ததால பயமில்ல."

அடுத்தடுத்த ரத்தப் பரிசோதனைகளில் மஞ்சள் காமாலை இறங்கிக்கொண்டே வந்தது. பசி திரும்பியது. ஆனால் ஓமனாவுக்கு நிம்மதி இல்லை. அன்னக்கிளி இன்னும் அதைத்தானே குடிக்கிறாள்? வேலைக்குத் திரும்பிய அன்றே பேச்செடுத்தாள்.

அன்னக்கிளிக்கு முகம் சிவந்தது. "நான் ஒனக்கு வெசமா தந்தேன்? எனக்கு ஒண்ணும் ஆகல்லியே!"

"ஒன்னைக் குத்தம் சொல்லல்ல, ஏட்டி. ஒருக்கா ரத்தம் குடுத்துப் பாரு. ஒண்ணும் இல்லேன்னா நான் பின்னே வாய் தொறக்க மாட்டேன்."

அன்னக்கிளி இரண்டு நாள் தள்ளிப் போய் உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் தானே வந்து, "நீயும் கூட வருவியா?" என்றாள்.

ரத்தப் பரிசோதனையில் அன்னக்கிளியின் கல்லீரல் நன்றாக இருந்தது. சிறுநீரகம்தான் லேசாகத் தளர்ந்திருந்தது. அவளும் பொடியை விட்டாள்.

முட்டு வலி திரும்பி வந்தபோது இருவரும் அரசு சித்த மருத்துவரிடம் போனார்கள். "நல்ல மருந்துக்கும் அளவு உண்டு. என்ன சேர்ந்திருக்குன்னு தெரியாததைத் தொடவே கூடாது" என்று சொன்ன அவர், ரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பார்த்த பிறகே மருந்து எழுதினார். மேலே தடவ ஒரு தைலமும் கொடுத்தார்.

அடுத்த முறை அந்த வேன் ஆலை வாசலில் நின்றபோது முதலில் எழுந்து போனவள் அன்னக்கிளி. "இதுல என்னெல்லாம் போட்டிருக்கு, சொல்லும் பாப்போம்" என்றாள். விற்கிறவன், "எல்லாம் பச்சிலைதான்" என்று மழுப்பினான். அவள் பின்னால் பெண்கள் கூடிவிட்டார்கள். ஒரு பொட்டலமும் விற்காமல் வண்டி கிளம்பியது.