இருளப்பசாமி மேல் வந்தது யார்?

சோழபுரத்து இருளப்பசாமிக்கு வாய்தான் எமன். கைகால் எல்லாம் சவுதியிலிருந்து ஒழுங்காகத் திரும்பிவிட்டன. வாய் மட்டும் இன்னும் அங்கேயே தண்ணீர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தது.

ராஜபாளையத்து பேண்டேஜ் கம்பெனியில் வேன் டிரைவராகச் சேர்ந்தான். “நாளைக்கு வெள்ளனா வந்துருவியாப்பா?” என்று முதலாளி கேட்டால், “இன்ஷா அல்லா” என்பான். தும்மினால் அல்ஹம்துலில்லா. கம்பெனிப் பெண்கள் ‘துபாய் பாய்’ என்று பேர் வைத்தார்கள். அவன் போனது சவுதிதான். கேலிக்கு எந்த ஊரானால் என்ன?

அங்கே ஒருமுறை மணல்காற்றில் லாரி புதைந்துவிட்டது. கூட இருந்த மெக்கானிக் எகிப்துக்காரன், மணிக்கட்டில் சிலுவையைப் பச்சை குத்திய வேதக்காரன். அவனும் “யா அல்லா” என்றுதான் கதறினான். ஏன் என்று கேட்டதற்கு, “அரபியில கடவுளுக்கு அதான் பேரு, எங்க ஆத்தாவும் அப்படித்தான் கும்பிடுவா” என்றானாம். இருளப்பசாமியும் சேர்ந்து கதறினான். யாரோ வந்து இழுத்துப் போட்டார்கள். அன்றைக்கு நாக்கில் ஏறியது இறங்கவே இல்லை.

அவன் ஊர் திரும்பியது சுடலைமாடனுக்காக. அப்பா செத்தபின் சாமியாடும் உரிமை மூத்தவனான அவனுக்கு. அரேபியாவில் ஒட்டகத்தோடு ஒட்டகமாய்க் கிடந்தவனை ஊரே மரியாதையாக ‘அவிய’ என்று சொல்லும். அந்த ஒரு சொல்லுக்குத்தான் வந்தான்.

கோயில் கொடைத் திருவிழாவன்று மணி தைத்த அரைக்கால் சல்லடம் கட்டி நின்றான். மேளம் உச்சிக்குப் போனது. உடம்பு உதறியது, கண் சொருகியது. அடிவயிற்றிலிருந்து பீறிட்டது ஒரு சத்தம்:

“யா அல்லா!”

மேளம் நின்றது.

“ஏலே, மாடன் பாஸ்போட்டு எடுத்துட்டாருடோய்!” என்றான் மச்சான் பாண்டிதுரை. கூட்டம் உருண்டு புரண்டு சிரித்தது.

ஊர்ப் பெரியவர் சோலைச்சாமி சிரிக்கவில்லை. வந்தது எந்தச் சாமி என்று தெரிந்தாக வேண்டும். மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து, பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் சிந்தாமதார் பாயைக் கூட்டி வந்தார்கள்.

“பாய், ஒங்க சாமி இவன் மேல எறங்கியிருக்குமா?”

பாய் பொய் சொல்லத் தெரியாத நல்ல மனுஷன். பொய் சொல்லத் தெரியாதவன் அரிவாளைவிட மோசம்.

“அல்லாவுக்கு உருவம் கெடையாது, இணை கெடையாது. யாரையும் பெக்கவுமில்ல, யாருக்கும் பொறக்கவுமில்ல. ரஹ்மான், ரஹீம்னு அழகான பேரு எம்புட்டோ உண்டு. எங்க இருந்து கூப்பிட்டாலும் கேப்பான். ஆனா யாரு மேலயும் வந்து ஆட மாட்டான்யா.”

சோலைச்சாமி துண்டை உதறினார். “அப்ப மாடனும் வரல, அல்லாவும் வரல. ஆடுனது நீதான். நடிச்சியாலே?”

“நெசமாவே வந்துச்சு மாமா! வல்லாஹி!”

அந்தச் சத்தியமும் அரபியிலேயே வந்து தொலைத்தது. பெண்டாட்டி காளீஸ்வரி தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள். சாயங்காலமே தம்பி தங்கப்பாண்டியன் வந்து, கொடியில் கிடந்த சல்லடத்தை எடுத்துப் போனான். ‘வாரேன்ணே’ என்றுகூடச் சொல்லவில்லை.

அடுத்த கொடையில் தம்பி ஆடினான். ராஜபாளையத்தைத் தாண்டாதவன் மேல் சுத்தத் தமிழில் வந்தது சாமி. ‘அவிய வாராவ, வழிய விடு’ என்று கூட்டம் விலகியது. திருநீறு வாங்க அண்ணனும் வரிசையில் நின்றான். தம்பி அவன் முன்னால் வந்து உறுமினான்.

“யாருலே நீ? யாரைக் கும்பிடுதே? வாயத் திறந்து பேரச் சொல்லுலே!”

சுற்றிலும் செல்போன்கள் உயர்ந்தன. இருளப்பசாமி நாக்கைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றான். உதட்டோரம் ரத்தம் கசிந்தது. சாமி காறித் துப்பிவிட்டு, அடுத்தவன் நெற்றியில் திருநீறு பூசியது.