அஞ்சலி ஃபோல்டரில் ஒரு முகம்

பம்மலில் நான் வேலை பார்த்த ஃப்ளெக்ஸ் பேனர் கடையில் கம்ப்யூட்டர் திரை எப்போதும் வாடிக்கையாளர் பக்கமாகச் சற்றுத் திரும்பியிருக்கும். பேனர் அடிக்க வருகிறவர்கள் டிசைன் செய்கிறவனுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார்கள். மாமா முகத்தைப் பெரிதாக்கு, சித்தப்பாவைக் கொஞ்சம் தள்ளி வை, மச்சானுக்கு மீசையைக் கருப்பாக்கு என்று கூடவே இருந்து வேலை வாங்குவார்கள். திரையில் எனக்கு மட்டும் தெரிவது என்று எதுவும் கிடையாது.

நான் பத்தாவது தாண்டாதவன். அந்தக் கடைக்கு வருமுன் தோல் பட்டறையில் இருந்தேன். அதை மூடியதும் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு பிளாஸ்டிக் கம்பெனி. அங்கே மிஷினில் விரல் நசுங்கியது. ஆறுவதற்குள் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். பிறகு தாம்பரத்தில் ஒரு லாட்ஜ். அங்கே அறைச் சாவிகளை எண்படி மாட்டமாட்டார்கள். தண்ணீர் வருகிற அறை ஒரு வரிசை, வராத அறை இன்னொரு வரிசை. போகிற இடமெல்லாம் இப்படி எதை எதோடு சேர்த்து வைக்கிறார்கள் என்று பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

பேனர் கடைக் கம்ப்யூட்டரில் அப்படி ஒரு ஒழுங்கும் இல்லை. ‘ஓகே’, ‘ஓகே பிரிண்ட்’, ‘ஓகே பிரிண்ட் லாஸ்ட்’, ‘அண்ணன் சொன்னது’ என்ற பெயர்களில் ஃபைல்கள் டெஸ்க்டாப்பை மூடிக் கிடந்தன. கடையை நடத்திய அக்கா, சர்ச் அறிவிப்புகள் டைப் செய்து இந்தத் தொழிலுக்கு வந்தவர். அடுக்கி வைக்கட்டுமா என்று கேட்டதற்கு, “எப்படி வேணா வை. கஸ்டமர் உக்காந்திருக்கும்போது தேடாதே, அவ்ளோதான்” என்றார்.

நான்கு ஃபோல்டர் போட்டேன்: கல்யாணம், மஞ்சள் நீர், பிறந்தநாள், அஞ்சலி. வந்த வேலையெல்லாம் இந்த நான்கில் ஏதாவது ஒன்றில் அடங்கிவிட்டது. அடங்கியதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஃபோல்டரின் முகத்தையே மாற்றலாம் என்பதை அப்புறம்தான் கண்டுபிடித்தேன். வலது பக்கம் கிளிக் செய்து உள்ளே போனால் ஒரு பட்டியல் வரும். நட்சத்திரம், மரம், சாவி, பூட்டு என்று சின்னப் படங்கள். கல்யாணத்துக்கு நட்சத்திரம் வைத்தேன், மஞ்சள் நீருக்கு மரம். பிறந்தநாளுக்குச் சாவி, வேறு நல்லது மீதமில்லாததால். அஞ்சலிக்கு எதுவும் பொருந்தவில்லை. பூட்டை வைத்துப் பார்த்தேன், பார்க்கச் சகிக்கவில்லை. அதை மட்டும் மஞ்சள் ஃபோல்டராகவே விட்டுவிட்டேன்.

அப்படி விட்டால் கம்ப்யூட்டர் தானாக ஒரு வேலை செய்யும். உள்ளே இருக்கிற படங்களில் ஒன்றை எடுத்து, சட்டைப் பையில் செருகிய பஸ் பாஸ் மாதிரி பாதி வெளியே தெரியும்படி வைக்கும். எதை எடுக்கும், எதற்காக எடுக்கும் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. கவனித்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

ஒரு நாள் காலை ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். உள்ளூர்க்காரர்கள். முன்பு நிலம் வைத்திருந்து, இப்போது அந்த இடத்தில் வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டிருப்பவர்கள். மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். கணவருக்கு இதயத்தில் ஆபரேஷன் செய்ய வேண்டியிருந்ததால், அதற்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்று தேதியை முன்னால் இழுத்திருந்தார்கள். கல்யாணம் முடிந்த மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். இதையெல்லாம் அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

“என் போட்டோ உங்ககிட்டயே கீது தம்பி. எங்க அண்ணன் போனப்போ இங்கதான் அடிச்சோம்” என்றார்.

அஞ்சலி பேனரில் இறந்தவர் நடுவில் இருப்பார். கீழே வருந்துகிறவர்கள் வரிசையாகக் கைகூப்பி நிற்பார்கள். அந்த வரிசையில் நின்றவர் இவர். அதற்காகக் கொடுத்த தனிப் படமும் அதே ஃபோல்டரில்தான் இருந்தது. எடுத்துவிடலாம் என்று நான்கு ஃபோல்டர்களும் இருக்கிற பக்கத்தைத் திறந்து காட்டினேன். படங்களைப் பெரிதாகத் தெரியும்படி வைத்திருந்தேன். ‘அஞ்சலி’ என்ற எழுத்துக்கு மேலே, மஞ்சள் ஃபோல்டருக்குள்ளிருந்து, அவர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாதான் முதலில் பார்த்தார்.

“இன்னாது இது? இவரு எதுக்கு அதுல கீறாரு?”

கணவர் குனிந்து பார்த்து, “நான் கெளம்பறதுக்கு முன்னாடியே ரெடி பண்ணிட்டியா? செம ஸ்பீடு தம்பி நீ” என்றார்.

“வாயைக் கழுவுய்யா” என்று எழுந்துவிட்டார் அந்த அம்மா. “ஆஸ்பத்திரிக்குப் போற நேரத்துல இன்னா பேச்சு இது!”

அக்கா உள்ளேயிருந்து வந்தார். “அம்மா, அது வெறும் போட்டோதான், ஒண்ணும் இல்லை. தப்பா எடுத்துக்காதீங்க.”

“வெறும் போட்டோவா? உங்க வூட்டுக்காரர் போட்டோவ அதுல வைப்பியா நீ?”

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார்.

“எடு. இப்பவே எடு அதுலேர்ந்து.”

ஃபோல்டரைத் திறந்து அவருடைய படத்தை வெட்டி, கல்யாணத்தில் ஒட்டினேன். வெளியே வந்து பார்த்தால் அவர் அப்படியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையைப் புதுப்பித்தேன். அசையவில்லை. மறுபடி உள்ளே போய்க் காட்டினேன், அவர் இல்லை. வெளியே வந்தால், இருக்கிறார்.

“எட்த்துட்டேன்னு சொல்ற. அப்புறம் எப்டிய்யா கீறாரு?” அந்த அம்மாவின் குரல் உடைந்துவிட்டது. கணவர் சிரிப்பதை நிறுத்தியிருந்தார்.

கம்ப்யூட்டர் ஒரு தடவை செய்து வைத்த சின்னப் படத்தை ஞாபகமாக எங்கோ சேமித்து வைத்துக்கொண்டு, அதையே காட்டிக்கொண்டிருக்கும். அது பின்னால் தெரிந்துகொண்டது. அன்று தெரியாது. தெரிந்ததெல்லாம், ஃபோல்டருக்கு வேண்டிய படத்தை நாமே தேர்ந்தெடுத்து வைக்கலாம் என்பதுதான். வேறு ஒரு முகத்தை வைத்தால் இவர் போய்விடுவார். ஆனால் யாரை வைப்பது? அந்தச் சூழ்நிலையில் எந்தக் குடும்பத்து ஆளை நான் எடுத்து வைப்பது?

“அம்மா, வேற ஒருத்தர் போட்டோ வைக்கணும். யாரை வைக்கட்டும்?” என்று கேட்டேன்.

அந்த அம்மா திரையைப் பார்த்துவிட்டு, “இவங்க அண்ணன வை. அவருதான் போனவரு. அவரு ஒண்ணும் சொல்லமாட்டாரு” என்றார்.

வைத்தேன். தம்பி மறைந்து அண்ணன் வந்தார். பெரிய மீசை, ஒரு பக்கம் கோணலான சிரிப்பு. அந்த அம்மா உட்கார்ந்தார். கணவர் மட்டும் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார். “இந்தச் சிரிப்பை வச்சே பஸ்ல டிக்கெட் எடுக்காம வந்துருவாரு” என்று மெதுவாகச் சொன்னார்.

பிரச்சினை முடிந்தது என்று நினைத்தேன். அந்த அம்மாவுக்கு முடியவில்லை. “கல்யாணத்துல போட்டேன்ற. கல்யாணம் ஞாயித்துக்கிழமையோட முடிஞ்சுரும். அப்புறம் இவரை எங்க போடுவ?”

என்னிடம் நான்கே நான்கு இடங்கள்தான் இருந்தன. நல்ல கேள்வி என்று அப்போதே தோன்றியது. அவரிடமே கேட்டேன், எங்கே இருந்தால் உங்களுக்குச் சரி என்று.

“எங்க வூட்டுல.”

புதிதாக ஒரு ஃபோல்டர் திறந்து, அவர்கள் தெருவின் பெயரையும் வீட்டு எண்ணையும் போட்டேன். மகள் படம், மாப்பிள்ளை படம், பழைய மஞ்சள் நீர் பேனர் எல்லாவற்றையும் தேடி உள்ளே நகர்த்தினேன். அண்ணனுடைய பேனர் மட்டும் பாக்கி. அதை விட்டுவிடலாம் என்று கையை எடுத்தேன்.

“அது இன்னா அங்கியே நிக்குது? அவரும் எங்க வூட்டு ஆளுதானே, கொண்டா” என்றார்.

“அம்மா, அது அஞ்சலி...”

“எங்க வூட்டு ஹால்ல என் மாமியார் மாலையோட கீறாங்க. பக்கத்துலயே என் பேரன். ஒரே செவுருதான். அதுல இன்னா?”

இறந்தவரும் உயிரோடு இருப்பவரும் ஒன்றாக இருந்ததுதான் அவரைப் பயமுறுத்தியது என்று நான் நினைத்திருந்தேன். அது இல்லை. ஃபோல்டரின் பெயர்தான். வீடு என்று எழுதிவிட்டால் யாரும் யாரோடும் இருக்கலாம்.

கைகூப்பிய அந்தப் படத்தை மட்டும் அந்த அம்மா ஏற்கவே இல்லை. கணவரை வெள்ளை ஃப்ளெக்ஸ் சுருளுக்கு முன்னால் நிற்க வைத்துப் புதிதாக ஒன்று எடுத்தோம். “கைய கட்டாதய்யா, ஜம்முனு நில்லு” என்று மனைவி அதட்டிக்கொண்டே இருந்தார். அந்தப் படம்தான் பேனரில் போனது. வீட்டு ஃபோல்டரின் முகமாகவும் அதையே வைக்கச் சொன்னார்.

அவர்கள் போனபின் அக்கா, “இப்படியே ஊர்ல இருக்கிற வீட்டுக்கெல்லாம் ஒண்ணு ஒண்ணு போடுவியா?” என்று கேட்டார். முயற்சி செய்து பார்க்கிறேன் என்றேன். மதியமெல்லாம் அஞ்சலி ஃபோல்டரைப் பிரித்து அவரவர் தெருவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். பாதிப்பேருக்கு வீடு தெரியவில்லை.

அடுத்த மாதம் அந்த அம்மா ஷேர் ஆட்டோவிலிருந்து தனியாக இறங்கி வந்தார். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என் கை மவுஸின் மேலேயே இருந்தது. என்ன பேனர் என்று கேட்பதற்குப் பதில், திறந்திருந்த ஃபைல்களை ஒவ்வொன்றாக மூடினேன்.

“ஒரு போர்டு வோணும்” என்றார். “வீடு வாடகைக்குன்னு. பழசுல அவரு நம்பர் கீது. டாக்டர் மூணு மாசம் மாடி ஏறக்கூடாதுன்றாரு, இந்தாளு வூடு பாக்க வர்றவங்கள இட்டுகினு மேல ஏறிடறாரு. ஒரே பேஜாரு. என் நம்பரைப் போடு.”

எழுத்து எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று கேட்டேன்.