வைக்கோலில் விழுந்த போல்ட்டுகள்

எங்கள் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரையை மாற்றிவிட்டுத் தகர ஷீட் போடலாம் என்று நான் சொன்னபோது அம்மா ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். "கூரைய இன்னா வேணா பண்ணிக்க. என் மாட்டு வயித்துக்குள்ள ஒரு ஆணி போவக்கூடாது."

அப்படி ஒரு மாட்டை நாங்கள் ஏற்கெனவே இழந்திருந்தோம். மாடு எதையும் பார்த்துத் தின்பதில்லை. நாக்கால் சுழற்றி இழுத்து அப்படியே விழுங்கிவிடும். மண்ணூரில் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு கம்பெனிக் கட்டடம் எழும்பியபோது, அந்த மாடு புல்லோடு கட்டுக்கம்பித் துண்டு ஒன்றையும் விழுங்கியிருந்தது. கம்பி வயிற்றைக் குத்தி இதயம் வரை போய்விட்டது என்றார் கால்நடை மருத்துவர். சினை மாடாக இருந்தால் கன்று வளர வளர இரும்பு இன்னும் வேகமாக முன்னால் தள்ளப்படும் என்றும் சொன்னார். இப்போது எங்களிடம் இருப்பது நிறைசினை மாடு. அம்மாவுக்கு அந்த வார்த்தைகள் அப்படியே நினைவிருந்தன.

நான் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவள். ஒரகடத்தில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரச் சோதனைப் பிரிவில் வேலை. அங்கே ஒரு இயந்திரத்தை நிறுத்திப் பழுது பார்ப்பதற்கு முன்னால் எதை மூடவேண்டும், எதை நகர்த்தவேண்டும், யார் எங்கே நிற்கக்கூடாது என்று எழுதி ஒட்டிவிட்டுத்தான் ஸ்பானரைத் தொடுவோம். வீட்டுக்கும் அதையே செய்தேன்.

மாடு பக்கத்து வீட்டுக் கொட்டகைக்குப் போகவேண்டும். தண்ணீர்த் தொட்டியின் மேல் பிளாஸ்டிக் விரிப்பு, சுற்றிலும் செங்கல். பீரோ, கட்டில், டிவி எல்லாம் பழைய புடவைகளுக்குள். பழைய ஷீட்டை உடைத்துத் தள்ளக்கூடாது, தண்ணீர் தெளித்து முழுதாக இறக்கவேண்டும். அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது, ஆகவே எல்லோருக்கும் மாஸ்க். வாசலைக் கடைசியில் கூட்டுவதற்காக, காயலான் கடையில் பழைய ஸ்பீக்கர் காந்தங்களை வாங்கி ஒரு பலகையின் அடியில் வரிசையாகப் பொருத்தி வைத்தேன். வைக்கோல் போர் மட்டும் கூரையின் விளிம்புக்கு நேர் கீழே இருந்தது. நகர்த்த இடமில்லை. இரண்டு தார்ப்பாய்களைப் போட்டு மூடினேன்.

இன்னொரு விதியும் இருந்தது. பின்கட்டில் இருக்கும் தளம் போட்ட அறையில் மூன்று பெண்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். திருநெல்வேலிப் பக்கம். மூவருக்கும் அந்த வாரம் இரவு ஷிப்ட். காலையில் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, ஜன்னலை அடைத்துக்கொண்டு தூங்குவார்கள். தூக்கம் கெட்ட கையோடு அசெம்பிளி லைனில் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆகவே கிரைண்டர் வேண்டாம், போல்ட்டுகளை ஸ்பானரால் கழற்றுங்கள், எதையும் மேலேயிருந்து தரையில் போட்டுச் சத்தம் எழுப்பாதீர்கள் என்று மேஸ்திரியிடம் சொன்னேன். புது ஷீட்டுக்கு டிரில் போடுவதை அவர்களுடைய வார விடுமுறை நாளுக்குத் தள்ளி வைத்தேன்.

மேஸ்திரி கேட்டுவிட்டுத் தன் ஆட்களைப் பார்த்துச் சிரித்தார். "இன்னா பாப்பா, கூரை மாத்தறமா, ராக்கெட் உடறமா?"

ஆனாலும் சொன்னபடிதான் செய்தார். காலை முழுக்க ஷீட்டுகள் ஈரத்தோடு முழுசு முழுசாக இறங்கின. தெருவில் போனவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். நான் லீவு போட்டுவிட்டு வாசலில் நின்றிருந்தேன். எனக்கு நிறைவாக இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் அம்மா மாட்டுக்கு வைக்கோல் உருவப் போனாள். கொஞ்ச நேரத்தில் வெறும் கையோடு திரும்பி வந்தாள். வெறும் கையில்லை. உள்ளங்கையில் துருப்பிடித்த கொக்கி போல்ட் ஒன்று இருந்தது.

"இது எங்க இருந்திச்சி தெரியுமா?" என்றாள். "தார்ப்பாய்க்கு அடியில. வைக்கலுக்குள்ள."

ஓடிப்போய்ப் பார்த்தேன். இரண்டு தார்ப்பாய்களும் சேரும் இடம் பாரத்தில் பிளந்து, போல்ட்டுகள் போருக்குள் சரிந்திருந்தன. மேஸ்திரி சோற்றுக் கையோடு எழுந்து வந்தார்.

"நாங்கதான் போட்டோம்க்கா. பாப்பா சத்தம் வரக்கூடாதுன்னுச்சு. சிமெண்டுல போட்டா டங்கு டங்குனு கேக்கும். வைக்கல் மேல போட்டா பூ மாதிரி உளுது. அதான்."

அவர் மேல் கோபப்பட எனக்கு ஒன்றும் இல்லை. என் ஒரு விதியை அவ்வளவு அக்கறையாகக் காப்பாற்றியதில்தான் இன்னொன்று உடைந்திருந்தது.

"எல்லாத்தையும் கொளுத்திடு," என்றாள் அம்மா.

"இதை விட்டா வேற வைக்கோல் எங்கேம்மா? பிரிச்சுப் பாத்துடலாம்."

"பாப்ப. பாத்துட்டு ஒண்ணே ஒண்ண உட்டுட்டா? அது வயித்துல போயி குத்திக்கினு நின்னா, அப்ப இன்னாடி பண்ணுவ?"

எங்கள் குரல் கேட்டுப் பின்கட்டுக் கதவு திறந்தது. மூன்று பேரும் கலைந்த தலையோடு வந்து நின்றார்கள். இவ்வளவு பாடுபட்டும் அவர்களை எழுப்பியது போல்ட் அல்ல, நாங்கள்தான்.

"என்னக்கா, சண்டையா?" என்றாள் மூத்தவள். விஷயத்தைச் சொன்னேன். அவள் போரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். "இதுக்கு ஏன் கொளுத்தணும்? லைன் போட்டுருவோம். தெனம் ராத்திரி இந்தச் சோலிதான பாக்கோம்."

"போயி படுங்கம்மா, நைட்டு வேலைக்குப் போவணும்," என்றாள் அம்மா.

"தூக்கம் எங்கிட்டு ஓடிரப் போவுது?"

கயிற்றுக் கட்டிலை வாசலின் நடுவில் போட்டேன். கீழே வெள்ளை வேட்டியை விரித்தேன். மூத்தவள் போரிலிருந்து ஒரு கை வைக்கோலை உருவிக் கட்டிலின் மேல் உதறுவாள். கனமானவை கயிற்று இடுக்கில் கீழே விழும். அடுத்தவளும் நானும் உதறிய வைக்கோலைப் பரப்பிக் காந்தப் பலகையைத் தேய்ப்போம். காந்தம் போல்ட்டின் அடியில் இருக்கும் தார் வாஷரையும் ஷீட் சில்லுகளையும் இழுக்காது. அதற்காக மூன்றாவது பெண் விரல்களால் அலசுவாள். தேறியதை அம்மா கட்டி எதிர் மூலையில் அடுக்குவாள். தேறிய வைக்கோல் பழைய இடத்துப் பக்கம் திரும்பிப் போகக்கூடாது.

முதலில் கைகள் இடித்துக்கொண்டன. பிறகு ஒரு சீர் வந்துவிட்டது. சொல்லாமலேயே ஒருத்தி முடிக்கும்போது அடுத்தவள் கை நீட்டினாள்.

"ஏட்டி, இன்னைக்கு டார்கெட் எவ்வளவு?"

"சூப்பர்வைசரக் கேளு. அந்தா நிக்காங்கல்லா, புடவையச் சொருவிக்கிட்டு."

"அம்மா, OT உண்டா?"

"டீ உண்டு. பேச்சக் கொறச்சி கையப் பாரு," என்றாள் அம்மா. அவள் சிரிக்காமல் சொன்னதில் எல்லோரும் சிரித்தோம்.

கழற்றியதை இப்போது சாக்கில் சேர்த்துக்கொண்டிருந்த மேஸ்திரி மேலேயிருந்து எட்டிப் பார்த்தார். "எனக்கு எந்த லைனு?"

"நீங்க அங்கியே இருங்க. இருக்கற லைனு போதும்," என்றாள் அம்மா.

போல்ட், நட்டு, வாஷர் என்று வேட்டியின் மேல் சேர்ந்துகொண்டே இருந்தது. போர் பாதியானபோது காந்தத்தில் மெல்லிய கம்பித் துண்டு ஒன்று ஒட்டியது. எங்கள் கூரையில் அப்படிக் கம்பி கிடையாது. வைக்கோலோடு எங்கிருந்தோ வந்தது. அம்மா அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். முந்தானையில் முடிந்துகொண்டு, அடுத்த கட்டுக்குக் கை நீட்டினாள். அதற்குப் பிறகு கைகள் இன்னும் நிதானமாகின.

தரை தெரிந்தபோது வெயில் இறங்கியிருந்தது. தேறியதை நான் முழுவதுமாக இன்னொரு முறை காந்தத்தில் விட்டேன். ஒன்றும் ஒட்டவில்லை. பெண்கள் மூவரும் தலையிலிருந்த வைக்கோலை ஒருத்திக்கு ஒருத்தி எடுத்துவிட்டுக்கொண்டு டீ குடித்தார்கள். தூங்காத கண்கள் சிவந்திருந்தன. பஸ் வருவதற்குள் ஒரு மணி நேரமாவது படுக்கிறோம் என்று உள்ளே போனார்கள். அவர்களோடு ஒரே லைனில் நின்றதை நினைத்து எனக்கு இன்றும் பெருமைதான். தொழிற்சாலையில் எத்தனையோ தணிக்கைகளைப் பார்த்திருக்கிறேன். அவ்வளவு சுத்தமான வேலையைப் பார்த்ததில்லை.

பக்கத்துக் கொட்டகையில் மாடு பசியில் கத்தியது. அம்மா ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். நானும் கூடப் போனேன். கொட்டகை வாசலில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"போடட்டுமா?"

நான் ஓகே போட்டு அனுப்பும் பாகங்கள் எந்த வண்டியில் போய்ச் சேரும் என்று எனக்குத் தெரியாது. இது எங்கே போய்ச் சேரும் என்று தெரியும். வைக்கோல் கைமாறிய ஒவ்வொரு படியையும் மனதுக்குள் முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தேன்.

"போடும்மா," என்றேன்.

மாட்டுத் தீவனத்தில் யாரையும் நம்பாதவள், விரல் விட்டு ஒரு முறைகூட அலசிப் பார்க்காமல், கட்டை அவிழ்த்து அதன் முன்னால் போட்டாள்.