எல்லார் கணக்கிலும் ஒரே நம்பர்

அந்தத் தெருவில் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. நம்பர் அண்ணன் என்றால்தான் தெரியும். இன்டர்நெட் கடை ஓகோ என்று ஓடிய காலத்தில் ஒட்டிக்கொண்ட பட்டம் அது. இப்போது கடையில் ஒரு ஜெராக்ஸ் மிஷினும் லேமினேஷன் மிஷினும்தான் மிச்சம். பட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது.

வேலைக்கு விண்ணப்பம் போட மெயில் வேண்டும் என்று வந்தவர்களுக்கெல்லாம் கணக்கு திறந்து கொடுத்தது அவர்தான். திறக்கும்போது ஒரு போன் நம்பர் கேட்கும். வந்தவர்கள் தலையைச் சொறிவார்கள். சிலருக்கு நம்பரே கிடையாது, சிலர் சட்டை மாற்றுவதுபோல சிம் மாற்றுகிற ஆசாமிகள். “விடுங்க, என் நம்பரைப் போட்டுக்கறேன்” என்று தன் நம்பரைத் தட்டிவிடுவார். அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. மறுபடி நம் கடைக்குத்தானே வந்தாக வேண்டும் என்ற சின்ன சாமர்த்தியம் இருந்தது, அவ்வளவுதான்.

இப்படியாகத் தெருவே அவர் போனில் மாட்டிக்கொண்டது. பாஸ்வேர்டை மறந்தாலும், போனை மாற்றினாலும், உள்ளே வருவது நீங்கள்தானா என்று மெயில்காரனுக்குச் சந்தேகம் வந்தாலும், அந்த ஆறு இலக்க எண் அவருக்குத்தான் வரும். பிளம்பர் யார் வீட்டுக் குழாயடியிலோ நனைந்துகொண்டே கூப்பிடுவான். “அண்ணே, நம்பர் வந்துச்சா?” ஆஸ்பத்திரி நர்ஸம்மா டியூட்டி நடுவில் கூப்பிடுவாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் இடது கையால் போனை எடுத்து, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு படித்துச் சொல்வார். எண் கிடைத்த அடுத்த நொடி எதிர்முனையில் ஆள் இருக்காது. எப்படி இருக்கீங்க என்று ஒரு பேச்சுக்குக்கூடக் கேட்டவர் கிடையாது. இருந்தும் அவருக்கு அதில் ஒரு மிதப்பு. நான் இல்லாவிட்டால் இந்தத் தெருவே வாசலில் நிற்கும் என்று மனைவியிடம் பீற்றிக்கொள்வார். மனைவி எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாள்.

அவள் எழுந்து போவதற்குக் காரணம் உண்டு. அவர்களுக்கு ஒரே மகள். அவளுடைய கணக்கையும் அவர்தான் திறந்தார், அதிலும் அவர் நம்பர்தான். அவள் படிப்பில் கெட்டிக்காரி. படிப்பு முடிந்த கையோடு, விமானத்தில் போகிற தூரத்திலுள்ள ஓர் ஆராய்ச்சிக்கூடத்துக்கு விண்ணப்பம் போட்டாள். பதிலுக்குக் காத்திருந்தாள். அவளுக்கு முன்னால் காத்திருந்தது இவர். பாஸ்வேர்டு தெரியாவிட்டால் என்ன, போனுக்கு வரும் எண்ணைப் போட்டால் கதவு திறந்துவிடுமே. தினம் காலையில் கடையைத் திறந்ததும் முதல் வேலையாக மகளின் மெயிலைத் திறந்து பார்த்தார்.

ஒருநாள் வேலை கொடுத்து மெயில் வந்தே விட்டது. இவர் என்ன செய்தார் தெரியுமா? மகள் எழுதுவதுபோலவே, குடும்பச் சூழ்நிலையால் வர இயலவில்லை, மன்னிக்கவும் என்று அடித்து அனுப்பினார். வந்ததையும் போனதையும் சுத்தமாக அழித்தார். பிறகு வழக்கம்போல ஜெராக்ஸ் எடுக்கப் போனார். கேட்டால் பாசம் என்பார். பாசமாம். திருட்டுக்கு நல்ல பேர் வைத்துவிட்டால் அது திருட்டு இல்லையா?

மகள் மாதக்கணக்கில் காத்திருந்து, பொறுக்க முடியாமல் அந்த ஆராய்ச்சிக்கூடத்துக்கே எழுதிக் கேட்டாள். நீங்கள்தானே மறுத்தீர்கள் என்று அவளுடைய பதிலையே திருப்பி அனுப்பியிருந்தார்கள். அவள் கத்தவில்லை. அதை அவர் கடையிலேயே பிரிண்ட் எடுத்து, அவர் மேஜைமேல் வைத்தாள். “அப்பா, இதை நீங்களா எழுதுனீங்க?” என்று மட்டும் கேட்டாள். உன் நல்லதுக்குத்தான் என்றார் அவர். அப்பா என்று அவள் கூப்பிட்டது அதுதான் கடைசி. பாஸ்வேர்டை மாற்றினாள். பிறகு அந்தக் கணக்கே வேண்டாமென்று தலைமுழுகிவிட்டு வேறொன்று தொடங்கினாள். கொஞ்ச நாளில் வேறொரு நகரத்தில் வேலை தேடிக்கொண்டு போயே விட்டாள். அம்மாவோடு பேசுவாள், அதுவும் இவர் கடைக்குப் போன பிறகு. வருஷங்கள் ஓடின.

இந்த நிலைமையில்தான் ஒரு காலை வேளை, யாருக்கோ ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தபோது போன் சிணுங்கியது. ஆறு இலக்கம். கீழே கணக்கின் பேரில் முதல் இரண்டு எழுத்தும் அப்புறம் வரிசையாகப் புள்ளிகளும். அவருக்கு அந்த இரண்டு எழுத்தே போதும். காகிதம் கோணலாகப் போய் மிஷினில் சிக்கியது. நின்றிருந்த அம்மாள் முணுமுணுக்க முணுமுணுக்க ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

மனைவி போனும் கையுமாக வாசலிலேயே நின்றாள். மகளுக்குப் பெரிய இடத்தில் வேலை கூடி வந்திருக்கிறதாம். பழைய சான்றிதழ்களின் நகல் இன்று சாயங்காலத்துக்குள் போய்ச் சேர வேண்டுமாம். வீடு மாறியதில் அசல் தொலைந்துபோயிற்று, படித்த கல்லூரியையும் இழுத்து மூடிவிட்டார்கள். நகல் இருப்பது அந்தப் பழைய கணக்கில் மட்டும்தான். பாஸ்வேர்டு மறந்துபோயிற்று, எப்படி முட்டினாலும் அப்பா நம்பருக்குத்தான் அனுப்புவேன் என்று அது அடம்பிடிக்கிறது. இவ்வளவையும் மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு, அந்த எண்ணைச் சொல்லுங்க என்றாள்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அவளையே கேக்கச் சொல்லு” என்றார்.

“இதுலயும் பேரமா?”

“பேரம் இல்லடி. ஒரே ஒரு தடவை அப்பான்னு கூப்பிடட்டும். உடனே சொல்லிடறேன்.”

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அறைக்குள் தணிந்த குரலில் நெடுநேரம் பேச்சு. அதற்குள் வந்த எண் காலாவதியாகி, இன்னொன்று வந்து, அதுவும் காலாவதியானது. நடுவில் பிளம்பர் கூப்பிட்டான். வாழ்க்கையிலேயே முதல் முறையாக அவன் அழைப்பைத் துண்டித்தார். மகள் அழுவாள், இவரும் அழுவார், அறியாமல் செய்துவிட்டேன் கண்ணு என்று சொல்ல வேண்டும். ஒவ்வொன்றாக மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். சந்தோஷம் என்று அதற்குப் பேர் சொன்னாலும் தப்பில்லை.

மறுபடி ஓர் எண் வந்தது. கூடவே தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு. எடுத்தார்.

“சார், உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும். கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?”

அதே குரல். கோபம் இல்லை, நடுக்கம் இல்லை. பேங்கில் கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் கேட்பதுபோல மரியாதையாகக் கேட்டாள்.

ஒத்திகை பார்த்ததற்கெல்லாம் அங்கே இடமில்லை. சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஊருக்கே படித்துச் சொல்லிப் பழகிய வாய், ஆறு இலக்கத்தையும் தானாகவே படித்துவிட்டது. அவள் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தாள். விசைகளைத் தட்டுகிற ஓசை கேட்டது.

“கண்ணு…” என்று ஆரம்பித்தார்.

“தேங்க்ஸ் சார்.”

அவ்வளவுதான், லைன் போயிற்று. போனைக் கையில் வைத்தபடியே அவர் உட்கார்ந்திருக்க, சில நிமிடங்களில் இன்னொரு செய்தி வந்து விழுந்தது. உங்கள் எண் இந்தக் கணக்கிலிருந்து நீக்கப்பட்டுள்ளது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார். செய்தி மாறவில்லை.

மனைவி கதவருகில் வந்து நின்றாள்.

“கேட்டாளா?”

“ம்.”

“அப்பான்னு கூப்பிட்டாளா?”

அவர் போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார்.

“கூப்பிட்டா” என்றார்.